குழந்தையின் தலை இன்னும் மேலேயே இருக்கிறதா? காத்திருப்பதா, திருப்பிப் பார்ப்பதா, சிசேரியனா?

36 வாரத்தில் எடுத்த ஸ்கேனில் 'பிரீச்' என்று, அதாவது குழந்தையின் தலை மேலேயும் பிட்டமோ காலோ கீழேயும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறது. டாக்டர் "சிசேரியன்தான், தேதி பார்த்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். வீட்டுக்கு வந்தால் அம்மா "இன்னும் நாள் கிடக்கு, தானா திரும்பிடும்" என்கிறார், மாமியார் வயிறு நீவிவிடுகிற ஒரு பாட்டியைத் தெரியும் என்கிறார், நாத்தனார் தலையணை அடுக்கி இடுப்பைத் தூக்கிப் படுக்கும் வீடியோ ஒன்றை அனுப்பியிருக்கிறார். வயிற்றைச் சுமப்பவருக்கு மட்டும் யார் சொல்வதைக் கேட்பது என்று தெரிவதில்லை.

இந்தக் குழப்பத்தோடு கேட்பவர்கள் அநேகமாக எல்லோரும் "சுகப்பிரசவமா, சிசேரியனா" என்று இரண்டாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் வழிகள் நான்கு: தானாகத் திரும்பும் என்று காத்திருப்பது, டாக்டர் கையால் வெளியிலிருந்து திருப்பிப் பார்ப்பது, நாள் குறித்து சிசேரியன் செய்வது, பிரீச்சாகவே சுகப்பிரசவம் பார்ப்பது. இதில் இரண்டாவது வழி இருப்பதே பலருக்குத் தெரியாது. அதற்குச் சரியான காலம் 36, 37 வாரம்தான், அந்த இரண்டு வாரத்தைப் பேசாமல் கழித்துவிட்டால் பிறகு தேர்வு செய்ய அதிகம் இருக்காது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே பேசுவது வயிற்றில் ஒரே குழந்தை, 36 வாரம் தாண்டியாகிவிட்டது, வேறு பெரிய சிக்கல் இல்லை என்ற நிலையைப் பற்றி. இரட்டைக் குழந்தை, நஞ்சு (பிளசென்டா) கீழே இறங்கி கருப்பை வாயை மறைத்திருப்பது, குறைமாதத்தில் வலி வருவது இவையெல்லாம் வேறு கணக்கு.

முதலில் ஸ்கேன் ரிப்போர்ட்டை முழுசாகப் படியுங்கள்

28 வாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை தலை மேலே வைத்துத்தான் இருக்கும். அந்த வயதில் ரிப்போர்ட்டில் பிரீச் என்று பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. மாதம் நிறைகிற நேரத்தில் இது 100ல் 3 அல்லது 4 ஆகக் குறைந்துவிடுகிறது. ஆகவே 36 வாரத்தில் எடுத்த ஸ்கேன்தான் முடிவெடுக்க உதவும், ஏழாம் மாதத்து ஸ்கேன் உதவாது.

அப்புறம், பிரீச் எல்லாம் ஒன்றல்ல. பாதிக்கு மேற்பட்ட பிரீச் குழந்தைகள் பிட்டத்தைக் கீழே வைத்து, இரண்டு காலையும் நேராக மேலே முகத்துப் பக்கம் நீட்டியிருக்கும். சில குழந்தைகள் சம்மணம் போட்டதுபோல முழங்காலை மடக்கி உட்கார்ந்திருக்கும். இன்னும் சிலவற்றுக்குப் பிட்டத்துக்கும் கீழே ஒரு பாதமோ இரண்டு பாதமோ தொங்கிக்கொண்டிருக்கும். இந்த மூன்றாவதுதான் ஆபத்தானது, ஏனென்றால் பனிக்குடம் உடையும்போது பாதத்தைச் சுற்றியுள்ள இடைவெளி வழியாகத் தொப்புள்கொடி வெளியே நழுவிவிடலாம். கொடி அழுந்தினால் குழந்தைக்கு ரத்தம் போவது நின்றுவிடும், நிமிடக் கணக்கில் சிசேரியன் செய்ய வேண்டியிருக்கும். கால் நீட்டிய நிலையில் இந்த ஆபத்து தலை கீழே இருக்கும் குழந்தைக்கு உள்ளதைவிடப் பெரிதாகக் கூடிவிடுவதில்லை.

ரிப்போர்ட்டில் இன்னும் நான்கு விஷயம் பாருங்கள்: நஞ்சு முன் சுவரிலா பின் சுவரிலா, பனிக்குட நீர் போதுமான அளவா, குழந்தையின் எடை எவ்வளவு, கழுத்து பின்னால் வளைந்து அண்ணாந்த மாதிரி இருக்கிறதா. எழுதியிருக்காவிட்டால் கேளுங்கள். இவை தெரியாமல் எந்த வழி நல்லது என்று யாராலும் சொல்ல முடியாது.

கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறது என்று எழுதியிருந்தால் வீட்டில் வேறு பேச்சு கிளம்பும். கொடி சுற்றிப் பிறந்தால் மாமனுக்கு ஆகாது என்ற பயத்தில் தாய்மாமனே "ஆபரேஷன் பண்ணிடுங்க" என்று சொல்லி நிற்பதும் உண்டு. கொடி சுற்றியிருப்பது மிகச் சாதாரணம், தலை கீழே உள்ள குழந்தைகள் எத்தனையோ அப்படியே நல்லபடி பிறக்கின்றன. பிரீச் விஷயத்தில் அதைத் திருப்பும் முயற்சிக்கு முன் டாக்டர் கணக்கில் எடுப்பார், அவ்வளவுதான்.

எதை வைத்து முடிவெடுப்பது

குழந்தைக்கு இப்போது எது பாதுகாப்பு என்பதுதான் முதல் அளவுகோல், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதோடு தாயின் உடம்புக்கு இப்போது என்ன ஆகும் என்பதும் அடுத்த கர்ப்பத்துக்கு என்ன ஆகும் என்பதும் சேரவேண்டும். இந்த இரண்டாவதைத்தான் முதல் பிரசவத்தின்போது யாரும் யோசிப்பதில்லை. உங்கள் மருத்துவமனையில் எதைச் செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், ராத்திரி 2 மணிக்கும் மயக்க டாக்டர் வருவாரா என்பது இன்னொன்று, என்னைக் கேட்டால் பல நேரம் முடிவைத் தீர்மானிப்பது இதுதான். பணமும் ஓய்வுக்கு ஆகும் நாட்களும் கடைசியாக வருகின்றன, ஆனால் வீட்டில் இன்னொரு சின்னக் குழந்தை இருந்தால் அதுவும் சின்ன விஷயமல்ல.

வழி 1: காத்திருப்பது, உடற்பயிற்சி, வயிறு நீவுவது

36 வாரத்துக்குப் பிறகும் தானாகத் திரும்புகிற குழந்தைகள் உண்டு. தலைப்பிரசவம் என்றால் 100ல் 8 குழந்தைகள் அளவுக்குத்தான் திரும்பும் என்று பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் காலேஜ் 2017ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. ஏற்கெனவே பிள்ளை பெற்றவர்களுக்கு வயிறு தளர்வாக இருப்பதால் வாய்ப்பு இதைவிடக் கூடுதல்.

முழங்காலை ஊன்றிக் குனிந்து படுப்பது, இடுப்பை உயர்த்திப் படுப்பது போன்ற பயிற்சிகளால் குழந்தை திரும்புகிறது என்று காட்டும் ஆதாரம் இல்லை. டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை செய்வதில் தவறில்லை, ஆனால் அதை நம்பி மற்ற கதவுகளை மூடிவிடாதீர்கள். கால் சுண்டுவிரல் நகத்தோரம் மூலிகைச் சூடு காட்டும் சீன முறை ஒன்று உண்டு, பயிற்சி பெற்றவர் செய்தால் 33 முதல் 35 வாரத்துக்குள் முயன்று பார்க்கலாம் என்ற அளவுக்கு அந்த வழிகாட்டுதலே ஒப்புக்கொள்கிறது. நம்மூரில் அப்படிப் பயிற்சி பெற்றவர்கள் கிடைப்பது கஷ்டம்.

வயிறு நீவிவிடும் பாட்டியைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன்: வேண்டாம். அவர்கள் கையில் பக்குவம் இல்லை என்று நான் சொல்லவில்லை, தலைமுறை தலைமுறையாகப் பிரசவம் பார்த்தவர்கள் அவர்கள். ஆனால் நஞ்சு எங்கே ஒட்டியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை, அழுத்தும்போது குழந்தையின் இதயத் துடிப்பு குறைந்தால் அதைக் காட்டும் கருவி பக்கத்தில் இல்லை, நஞ்சு பிரிந்து உள்ளே ரத்தம் கசிந்தால் தூக்கிக்கொண்டு ஓட ஆபரேஷன் தியேட்டர் பக்கத்து அறையில் இல்லை. அதே காரியத்தை மருத்துவமனையில் செய்தால் இந்த மூன்றும் இருக்கும்.

காத்திருப்பதன் மறைமுக விலை நேரம். 36ல் கேட்டிருக்க வேண்டியதை 39ல் கேட்கும்போது குழந்தை வளர்ந்து, நீர் குறைந்து, பிட்டம் இடுப்பெலும்புக்குள் இறங்கியிருக்கும். நடுராத்திரியில் வலி எடுத்துவிட்டால் அவசர சிசேரியன்தான் மிச்சம், நாள் குறித்துச் செய்வதைவிட அதில் சிக்கல்கள் கூடுதல்.

வழி 2: வெளியிலிருந்து கையால் திருப்புவது (ஈ.சி.வி.)

தாயைப் படுக்க வைத்து, வயிற்றின்மேல் ஜெல்லோ பவுடரோ தடவி, ஒரு கையால் குழந்தையின் பிட்டத்தை இடுப்பெலும்பிலிருந்து மேலே தூக்கி, இன்னொரு கையால் தலையை வழிநடத்தி, குழந்தையைக் குட்டிக்கரணம் அடிக்க வைப்பதுபோலத் திருப்புவார்கள். தொடங்கும் முன் ஸ்கேனும் இதயத் துடிப்புப் பதிவும் எடுப்பார்கள், நடுநடுவே துடிப்பைப் பார்ப்பார்கள், முடிந்த பிறகும் பதிவு எடுப்பார்கள். கருப்பையைத் தளர்த்த டெர்பூட்டலின் மாதிரி ஒரு மருந்து கொடுப்பது வழக்கம், அது வெற்றி வாய்ப்பைக் கூட்டுகிறது. கொஞ்ச நேரம் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், பிறகு அடங்கிவிடும். இதய நோய் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். திருப்பும் வேலை சில நிமிடம்தான், முன்னும் பின்னும் கவனிக்க அரைநாள் ஆகலாம், அன்றே வீட்டுக்குத் திரும்பிவிடலாம்.

வலிக்குமா? அழுத்தம் நன்றாகவே தெரியும். சிலருக்குப் பொறுத்துக்கொள்ள முடிகிறது, சிலருக்கு முடிவதில்லை. "போதும், நிறுத்துங்க" என்று எந்த நொடியிலும் சொல்லலாம், உடனே நிறுத்துவார்கள். இதை முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

பலன் எவ்வளவு என்றால், மொத்தத்தில் பாதிப் பேருக்குத் திரும்பும். தலைப்பிரசவத்தில் 100ல் 40, ஏற்கெனவே பெற்றவர்களுக்கு 60 என்று வைத்துக்கொள்ளலாம். நீர் தாராளமாக இருப்பது, நஞ்சு பின் சுவரில் இருப்பது, பிட்டம் இன்னும் இடுப்பெலும்புக்குள் இறங்காமல் இருப்பது, தலை கைக்கு நன்றாகத் தட்டுப்படுவது இவையெல்லாம் சாதகம். திரும்பிய குழந்தைகளில் மறுபடி பழைய நிலைக்கே போய்விடுபவை மிகக் கொஞ்சம்.

ஆபத்து எவ்வளவு? இதய துடிப்பில் மாற்றம், ரத்தக்கசிவு போன்ற காரணங்களால் 24 மணி நேரத்துக்குள் அவசர சிசேரியன் தேவைப்படுவது 200ல் ஒருவருக்கு. சின்ன எண்தான், ஆனால் அந்த ஒருவருக்காகத்தான் தியேட்டர் உள்ள இடத்தில் மட்டும் இதைச் செய்ய வேண்டும் என்கிறார்கள். ரத்த வகை நெகட்டிவ் என்றால் திருப்பிய பிறகு ஆன்டி-டி ஊசி (குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடம்பில் எதிர்ப்பு உண்டாகாமல் தடுப்பது) போட வேண்டும், தனியாரில் அதன் விலை கொஞ்சம் கடிக்கும், கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தலை திரும்பிவிட்ட பிறகும், முதலிலிருந்தே தலை கீழே இருந்தவர்களைவிட, வலி எடுத்தபின் சிசேரியனில் முடியும் வாய்ப்பு ஓரளவு கூடுதல் என்பதையும் மனதில் வையுங்கள்.

நஞ்சு வாயை மறைத்திருந்தாலும், கடந்த சில நாளில் ரத்தப்போக்கு இருந்தாலும், பனிக்குடம் உடைந்துவிட்டாலும், இதயத் துடிப்புப் பதிவு சரியில்லை என்றாலும் இதைச் செய்யக்கூடாது. முன்பு சிசேரியன் ஆனவர்கள், நீர் மிகக் குறைந்தவர்கள், ரத்த அழுத்தச் சிக்கல் உள்ளவர்கள் விஷயத்தில் டாக்டர் தனியாக யோசித்துச் சொல்ல வேண்டும்.

"பாதி வாய்ப்புக்காக இவ்வளவு சிரமம் எதற்கு, எப்படியும் சிசேரியன் பண்ணிடலாமே" என்று கேட்பார்கள். தலைப்பிரசவத்தில் இருப்பவருக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: முதல் பிள்ளை சிசேரியன் என்றால் நம்மூரில் இரண்டாவதும் பெரும்பாலும் சிசேரியன்தான். சிசேரியனுக்குப் பிறகு சுகப்பிரசவம் முயல்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு அது கைகூடுகிறது, ஆனால் அதற்கு 24 மணி நேரமும் கண்காணிக்கும் வசதி வேண்டும், பல சின்ன மருத்துவமனைகள் ஒத்துக்கொள்வதில்லை. ஆக இப்போது எடுக்கும் முடிவு இரண்டு பிரசவத்துக்கான முடிவு. அதைத் தவிர்க்க 100ல் 40 வாய்ப்பு கிடைக்கிறது என்றால் அதைக் கேட்காமல் விடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

உங்கள் டாக்டர் இதைச் செய்வதில்லை என்றால், "மேடம், உங்களுக்குத் தெரிஞ்ச வேற யாராவது செய்வாங்களா, லெட்டர் தரமுடியுமா" என்று கேளுங்கள். அதில் அவமரியாதை எதுவும் இல்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மகப்பேறு பிரிவில் விசாரிப்பது நல்ல தொடக்கம்.

வழி 3: நாள் குறித்து சிசேரியன்

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியனில் நடந்தன, தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம். இந்த எண்களைப் பார்த்து "எல்லாம் காசுக்காக" என்று பொதுவாக ஒரு கோபம் இருக்கிறது. அந்தக் கோபத்தை பிரீச் விஷயத்தில் கொண்டுவராதீர்கள். திரும்பாத பிரீச்சுக்கு சிசேரியன் செய்வதற்கு வலுவான மருத்துவக் காரணம் இருக்கிறது.

அந்தக் காரணத்தின் வரலாறு இது. கனடாவின் மேரி ஹன்னா தலைமையில் 26 நாடுகளில் 121 மருத்துவமனைகளில் 2088 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2000ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. சிசேரியன் திட்டமிட்டவர்களின் குழந்தைகளில் 1.6 சதவீதத்துக்கு மரணமோ கடுமையான பாதிப்போ நேர்ந்தது, சுகப்பிரசவம் திட்டமிட்டவர்களில் 5 சதவீதம். உலகம் முழுக்க நடைமுறை மாறிவிட்டது. நெதர்லாந்தில் பிரீச்சுக்கு சிசேரியன் செய்வது இரண்டே மாதத்தில் 50 சதவீதத்திலிருந்து 80க்கு ஏறியது. பிறகு அதே ஆய்வின் குழந்தைகளை இரண்டு வயதில் பார்த்தபோது மரணத்திலும் வளர்ச்சிக் குறைபாட்டிலும் இரு பக்கத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆய்வில் சேர்ந்த மருத்துவமனைகளின் தரம் பற்றியும் நிறைய விமர்சனம் வந்தது. ஆனால் அதற்குள் இளம் டாக்டர்கள் பிரீச் பிரசவம் பார்த்துப் பழகும் வாய்ப்பு போய்விட்டது.

பிரிட்டன் வழிகாட்டுதலின் கணக்கு நிதானமானது: 39 வாரத்துக்குப் பிறகு திட்டமிட்ட சிசேரியனில் குழந்தை இறக்கும் வாய்ப்பு 2000ல் 1, தலை கீழே உள்ள சுகப்பிரசவத்தில் 1000ல் 1, பிரீச் சுகப்பிரசவத்தில் 1000ல் 2. நல்ல வசதியுள்ள இடத்து எண்கள் இவை என்பதை மறக்க வேண்டாம்.

தாய்க்கு என்ன விலை? வயிற்றுத் தையல், நான்கைந்து நாள் மருத்துவமனை, ஆறு வாரம் கனம் தூக்காமல் இருப்பது, தொற்று, கூடுதல் ரத்தப்போக்கு, காலில் ரத்தம் உறையும் அபாயம். முதுகில் போட்ட ஊசியால்தான் காலம் முழுக்க முதுகுவலி என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை, அந்தப் பயத்தை விட்டுவிடலாம். உண்மையான விலை அடுத்தடுத்த கர்ப்பத்தில்தான் தெரியும். பழைய தையலில் நஞ்சு ஆழமாக ஒட்டிக்கொண்டு பிரியாமல் போகும் சிக்கல், சிசேரியன் எண்ணிக்கை கூடக் கூட வளர்கிறது: இரண்டாவது சிசேரியனில் 1000ல் 3 அளவு, நான்காவதில் 100ல் 2. நஞ்சு கீழேயும் இறங்கியிருந்தால் இந்த எண்கள் பல மடங்கு ஏறும், கருப்பையையே எடுக்க வேண்டி வரலாம். இரண்டு பிள்ளையோடு நிறுத்தி, இரண்டாவது சிசேரியனோடேயே குடும்பக் கட்டுப்பாடு செய்துகொள்வது நம்மூரில் வழக்கம், அப்படி நினைப்பவருக்கு இது சிறிய அபாயம். மூன்று, நான்கு வேண்டும் என்று ஆசைப்படும் குடும்பத்தில் இதை வெளிப்படையாகப் பேசியாக வேண்டும்.

தேதி விஷயம். ஜோசியர் குறித்துக் கொடுத்த நட்சத்திரம் 37 வாரத்தில் வருகிறது, அன்றே எடுத்துவிடுங்கள் என்று கேட்கும் குடும்பங்கள் நிறைய. வலி வராமல் 39 வாரத்துக்கு முன்பே எடுக்கும் குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் வரும் வாய்ப்பு கூடுதல், நுரையீரலில் உள்ள நீர் வெளியேறித் தயாராக அந்தக் கடைசி வாரங்கள் தேவை. நல்ல நாள் பார்ப்பது உங்கள் நம்பிக்கை, நான் குறுக்கே நிற்கவில்லை. 39 முடிந்து 40 ஆவதற்குள் ஏழு நாள் இருக்கிறது, அதற்குள் பார்க்கச் சொல்லுங்கள். அதிகாலை 3 மணி முகூர்த்தம் வேண்டாம். மயக்க டாக்டரும் குழந்தை டாக்டரும் தூங்கி எழுந்து தெளிவாக இருக்கும் பகல் நேரம்தான் குழந்தைக்கு நல்ல நேரம்.

இன்னொன்று: தியேட்டருக்குப் போகும் அன்று காலையிலும் ஒரு ஸ்கேன் வைத்துத் தலை எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். கடைசி நேரத்தில் திரும்பிவிடும் குழந்தைகளும் உண்டு.

செலவு என்று பார்த்தால் அரசு மருத்துவமனையில் சிசேரியன் உட்படப் பிரசவம் இலவசம், 2011ல் தொடங்கிய மத்திய அரசின் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் மருந்தும் ரத்தமும் சாப்பாடும் சேர்த்தி. தனியாரில் கட்டணம் ஊருக்கு ஊர் மாறும். கேட்கும்போது பேக்கேஜ் தொகையோடு நிறுத்தாமல், குழந்தை டாக்டர் ஃபீஸ், இன்குபேட்டர் தேவைப்பட்டால் ஒரு நாளைக்கு எவ்வளவு, கூடுதல் நாள் தங்கினால் எவ்வளவு என்று கேளுங்கள். இன்சூரன்ஸ் இருக்கிறது என்று நம்பியிருப்பவர்கள் பாலிசியை எடுத்துப் படியுங்கள், பிரசவத்துக்கென்று காத்திருப்புக் காலமும் தனி உச்சவரம்பும் பல பாலிசிகளில் உண்டு.

வழி 4: பிரீச்சாகவே சுகப்பிரசவம்

"எங்க பாட்டி காலத்துல காலால பொறந்த புள்ளைங்க இல்லையா" என்று கேட்பார்கள். பிறந்தார்கள். பிறக்காமல் போனவர்களும் இருந்தார்கள், அவர்களைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

இந்தப் பிரசவத்தில் சிக்கல் எங்கே என்றால், குழந்தையின் உடம்பில் பெரிய பகுதி தலை. வழக்கமான பிரசவத்தில் அது முதலில் மெதுவாக வழி பண்ணிக்கொண்டு வருகிறது, பின்னால் மற்றதெல்லாம் சுலபமாக வந்துவிடும். பிரீச்சில் உடம்பு வெளியே வந்த பிறகு தலை கடைசியாக வர வேண்டும், அந்த நேரத்தில் கொடி அழுந்தியிருக்கும், சில நிமிடத்துக்குள் தலை வந்தாக வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் கை மேலே தூக்கிக்கொள்ளும், கழுத்து அண்ணாந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். எப்போது கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாக இருக்க வேண்டும், எப்போது எந்தப் பிடியில் உதவ வேண்டும் என்பது புத்தகம் படித்து வருகிற வித்தையல்ல, கை பழகியிருக்க வேண்டும்.

பழகிய கை இருந்தால் நிலைமை மாறுகிறது. பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் 174 மருத்துவமனைகளில் 8105 பெண்களைப் பின்தொடர்ந்து 2006ல் வெளியான பிரெமோடா ஆய்வில், கவனமாகத் தேர்ந்தெடுத்து, தொடர்ந்து கண்காணித்துப் பார்த்த பிரீச் சுகப்பிரசவத்துக்கும் திட்டமிட்ட சிசேரியனுக்கும் குழந்தை பாதிப்பில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அங்கே அந்தத் திறமை விட்டுப்போகவில்லை, அதுதான் காரணம்.

ஆகவே கேட்க வேண்டியது "சுகப்பிரசவம் முடியுமா" என்பதல்ல, "எனக்கு வலி வரும் நேரத்தில் பிரீச் பிரசவம் பார்த்துப் பழகியவர் டியூட்டியில் இருப்பார் என்று உறுதி சொல்ல முடியுமா" என்பது. ஒரே ஒரு சீனியர் டாக்டருக்குத்தான் தெரியும், அவர் அன்று ஊரில் இருப்பாரா தெரியாது என்றால் இந்த வழி உங்களுக்கு இல்லை. அதோடு கால் கீழே தொங்கக் கூடாது, கழுத்து அண்ணாந்திருக்கக் கூடாது, குழந்தை எடை 3.8 கிலோவுக்கு மேலும் போகாமல், வளர்ச்சி குறைந்தும் இல்லாமல் இருக்க வேண்டும், இதயத் துடிப்பை இடைவிடாமல் பதிவுசெய்ய வேண்டும், தியேட்டர் தயாராக இருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் திட்டமிட்டவர்களில் 100ல் 40 பேர் அளவுக்கு நடுவழியில் அவசர சிசேரியனில் முடிகிறது. வலியையும் தாங்கி, தையலையும் தாங்கும் நிலை அது, இந்த வழியின் மறைமுக விலை அதுதான்.

வீட்டில் வைத்து பிரீச் பிரசவம் பார்ப்பதைப் பற்றி எழுத எதுவும் இல்லை. அதைச் செய்யவே கூடாது.

ஒரே பார்வையில்

| | காத்திருப்பது | கையால் திருப்புவது | சிசேரியன் | பிரீச் சுகப்பிரசவம் |
|---|---|---|---|---|
| எப்போது | 36 வாரம் வரை சரி | 36, 37 வாரம் சிறந்தது | 39 வாரம் முடிந்து | வலி வரும்போது |
| கைகூடும் அளவு | தலைப்பிரசவத்தில் 100ல் 8 | 100ல் 40 முதல் 60 | ஏறக்குறைய உறுதி | 100ல் 60 |
| எது இருந்தாக வேண்டும் | தொடர் பரிசோதனை | ஸ்கேன், தியேட்டர், பழகிய டாக்டர் | தியேட்டர், மயக்க டாக்டர் | பழகிய குழு 24 மணி நேரமும் |
| மறைமுக விலை | நேரம் போய்விடும் | வலி, 200ல் 1 அவசர சிசேரியன் | அடுத்த கர்ப்பங்கள் | நடுவழியில் ஆபரேஷன் |

யாருக்கு எது

தலைப்பிரசவம், நீர் போதுமானது, நஞ்சு நல்ல இடத்தில், வேறு சிக்கல் இல்லை: 36 வாரத்திலேயே கையால் திருப்புவதைக் கேளுங்கள். ஏற்கெனவே ஒரு சுகப்பிரசவம் ஆனவர் என்றால் 37ல் கேட்கலாம், உங்களுக்குப் பலன் இன்னும் அதிகம், இதை விட்டுவிட்டு நேராக சிசேரியனுக்குப் போவதற்குக் காரணம் எனக்குத் தெரியவில்லை. திரும்பாவிட்டால், 39 வாரம் முடிந்ததும் சிசேரியன். நம் ஊர்களில் உள்ள பெரும்பாலான மருத்துவமனைகளில் என் தேர்வு இந்த வரிசைதான்.

கால் தொங்கும் பிரீச், நீர் மிகக் குறைவு, முன்பே சிசேரியன் ஆனது, குழந்தையின் வளர்ச்சி குறைந்திருப்பது: சிசேரியன் பக்கம் சாய்வது பெரும்பாலும் சரி. திருப்ப முயலவில்லையே என்று வருந்த வேண்டியதில்லை. சிசேரியனில் பெற்றால் "நோகாம பெத்துட்டா" என்று பேசும் உறவுகளுக்குப் பதில் சொல்லவும் வேண்டியதில்லை.

மூன்று, நான்கு பிள்ளை ஆசை உள்ளவர்கள் கையால் திருப்பும் முயற்சிக்காகப் பக்கத்து ஊர் வரை போவதும் தகும்.

39 வாரத்தில்தான் இதைப் படிக்கிறீர்கள் என்றாலும் கேட்டுப் பாருங்கள், பனிக்குடம் உடையாதவரை முயல்வதற்குக் கடைசித் தேதி என்று ஒன்று கிடையாது, வாய்ப்புதான் குறைவு.

குறித்த நாளுக்கு முன்பே வலி வந்தால், நீர் உடைந்தால்

காத்திருக்காதீர்கள், வலி கூடட்டும் என்று பார்க்காதீர்கள், உடனே கிளம்புங்கள், உள்ளே நுழைந்ததும் "குழந்தை பிரீச்" என்ற வார்த்தையை முதலில் சொல்லுங்கள். நீர் உடைந்தபின் பிறப்புறுப்பில் கயிறு மாதிரி ஏதாவது தட்டுப்பட்டாலோ தெரிந்தாலோ அது கொடியாக இருக்கலாம். அதை உள்ளே தள்ளக்கூடாது, தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கவும் கூடாது. முழங்காலையும் மார்பையும் தரையில் ஊன்றி இடுப்பை உயர்த்திக்கொண்டு, வீட்டில் உள்ளவர்களை 108க்கு அழைக்கச் சொல்லுங்கள். வீட்டில் எல்லோருக்கும் இதை முன்பே சொல்லி வையுங்கள், ஸ்கேன் ரிப்போர்ட்டும் பிக்மி எண்ணும் (கர்ப்பப் பதிவு எண்) உள்ள ஃபைல் கதவருகே இருக்கட்டும்.

எந்த வழியில் பிறந்தாலும் ஒரு வேலை பாக்கி

கடைசி மாதத்தில் பிரீச்சாக இருந்த குழந்தைகளுக்கு இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் இருக்கும் வாய்ப்பு மற்ற குழந்தைகளைவிட அதிகம், பெண் குழந்தைகளுக்கு இன்னும் அதிகம். சிசேரியனில் பிறந்தாலும் சரி, 36 வாரத்துக்குப் பிறகு திருப்பி தலை வழியாகப் பிறந்தாலும் சரி, இது பொருந்தும். பிறந்தவுடன் குழந்தை டாக்டர் கையால் இடுப்பைச் சோதிப்பார், ஆனால் அதில் எல்லாம் தெரிந்துவிடாது, ஆறு வாரத்தில் இடுப்புக்கு ஒரு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் இதை யாரும் எழுதாமல் விட்டுவிடலாம், ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குப் போகும்போது நீங்களே கேளுங்கள். அப்போது கண்டுபிடித்தால் சில மாதம் பட்டைக் கட்டு போட்டே பெரும்பாலும் சரிசெய்துவிடலாம், குழந்தை நடக்கத் தொடங்கி நொண்டும்போது கண்டுபிடித்தால் ஆபரேஷன் வரை போகவேண்டி வரும்.